நாற்பதைக் கடந்த ஆண்களோடு மனம் விட்டுச் சில வார்த்தைகள்

(அறக்கட்டளைக் கூடத்தில் இஷா தொழுகைக்குப் பின் ஆண்களுக்காக நடந்த அமர்வில் செயலாளர் ஆற்றிய உரை)





கதவைச் சாத்தச் சொன்னதும் சிலர் வரவு செலவுத் தகராறு என்று நினைத்துவிட்டீர்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அது இல்லை, கணக்கு போன மாதமே ஒப்படைத்தாகிவிட்டது. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பியதற்கும் கதவைச் சாத்தியதற்கும் காரணம் வேறு. நாற்பது, ஐம்பது வயதில் ஆண்களுக்கு வரும் ஒரு குறைபாட்டைப் பற்றிப் பேசப்போகிறேன். ஊரில் இதை ஆண்மைக்குறைவு என்கிறார்கள். மருத்துவர்கள் விறைப்புக் குறைபாடு என்கிறார்கள். தாம்பத்தியத்துக்குத் தேவையான விறைப்பு வராமல் போவது, வந்தாலும் நிற்காமல் போவது, இது மாதக்கணக்கில் தொடர்வது. அவ்வளவுதான் விஷயம். இன்று நான் மருத்துவர்களின் சொல்லைத்தான் பயன்படுத்துவேன். சுகர் வந்தால் யாரும் 'மனிதக்குறைவு' என்று சொல்வதில்லை. இதற்கு மட்டும் ஏன் ஆண்மையையே இழுக்க வேண்டும்?

இதைப் பற்றிப் பேச நான் மருத்துவன் இல்லை. ஆனால் பேசியே ஆக வேண்டிய கடன் ஒன்று என் மேல் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் கூடப் படித்த நண்பன் ஒருவன் ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டராக இருந்தான். பெயர் வேண்டாம். அவன் பிள்ளைகள் இன்றும் நம் ஊரில்தான் இருக்கிறார்கள். பல வருடங்களுக்கு முன் ஒரு நாள் டீக்கடையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாப்ளே, வீட்ல முன்ன மாதிரி இல்லடா, ஒரு மாதிரியா இருக்கு" என்றான். எனக்குப் புரிந்துவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். "பேரன் எடுக்கப் போற வயசுல உனக்கு என்னடா" என்று சொல்லி டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அவனும் சிரித்தான். அதன் பிறகு அவன் என்னிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வெளியூர் லாட்ஜில் அறை எடுத்து வைத்தியம் பார்க்கும் ஒருவரிடம் போய், ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து லேகியம் வாங்கித் தின்றிருக்கிறான். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மூன்றாவது வருடம் நைட் ஷிப்டு முடிந்து வந்தவன், சுப்ஹு தொழுதுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். ஆட்டோவில் ஏற்றினோம். ஆஸ்பத்திரி வாசலில் ரூஹ் பிரிந்துவிட்டது. அப்போது எடுத்த ரத்தத்தில் சுகர் முந்நூறைத் தாண்டி இருந்தது. அதற்கு முன் அவன் ஒரு தடவைகூட சுகர் பார்த்ததே இல்லை.

இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பது எனக்கு அன்று தெரியாது. நம் சுகர் முகாமுக்கு வந்த மருத்துவர் ஒருவர்தான் பின்னர் விளக்கினார். அந்த இடத்துக்குப் போகும் ரத்தக்குழாயின் உள்விட்டம் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர்தான். இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் குழாய் மூன்று, நான்கு மில்லிமீட்டர். கொழுப்பு படிந்து அடைப்பது உடம்பு முழுக்க ஒரே நோய்தான். ஆனால் சின்னக் குழாய் முதலில் அடைபடும். நம் வாய்க்காலையே நினைத்துக்கொள்ளுங்கள். வண்டல் சேர்ந்தால் முதலில் நிற்பது கடைமடைக் கிளை வாய்க்காலில்தான். கண்மாயில் குறைந்தது தெரிய இன்னும் நாளாகும். அதனால் இந்தக் குறைபாடு, நெஞ்சு வலிக்கு இரண்டு மூன்று ஆண்டுகள், சிலருக்கு ஐந்து ஆண்டுகள் முன்பே தலைகாட்டிவிடுகிறது என்று இதய மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். வந்தவர் எல்லோருக்கும் மாரடைப்பு வரும் என்று அர்த்தம் இல்லை. ஆனால் நாற்பது வயதில் ஒருவர் இதைச் சொல்லிக்கொண்டு வந்தால் முதலில் சுகரும் பிரஷரும் கொழுப்பும் பார்க்க வேண்டும். என் நண்பனுக்கு அல்லாஹ் மூன்று வருட அவகாசம் கொடுத்து ஒரு தகவல் அனுப்பினான். அதை என்னிடம்தான் கொண்டுவந்தான். நான் சிரித்து அனுப்பிவிட்டேன்.

இது நம் ஊரில் மட்டும் உள்ள காரியம் என்றோ, நம் சாப்பாட்டால் மட்டும் வருவது என்றோ நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1980-களின் கடைசியில் நாற்பது முதல் எழுபது வயது வரையுள்ள 1,290 ஆண்களிடம் கேட்டார்கள். 1994-ல் முடிவு வெளிவந்தது. லேசாகவோ கடுமையாகவோ இந்தக் குறைபாடு உள்ளவர்கள் 52 சதவீதம். பாதிக்கு மேல்! இந்தக் கூடத்தில் எத்தனை நாற்காலி போட்டிருக்கிறோம் என்று நீங்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டாம், அவரும் உங்களைத்தான் பார்க்கிறார்.

அந்த ஆய்விலேயே, சுகருக்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு முழுமையான குறைபாடு மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. இங்கேதான் நமக்குக் கவலை. ஐ.சி.எம்.ஆர். 2023-ல் வெளியிட்ட ஆய்வுப்படி நம் நாட்டில் சுகர் உள்ளவர்கள் சுமார் 10 கோடி பேர். சுகர் அதிகமாக நின்றால் குழாயின் உள்சுவர் கெடுகிறது, நரம்பும் மரத்துப்போகிறது. கால் பாதம் எரிவதும் மரப்பதும் நமக்குத் தெரியும், பேசுகிறோம். அதே நரம்புச் சேதம்தான் இங்கேயும். அதைப் பேசுவதில்லை.

பீடி, சிகரெட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு இழுப்பும் அந்தச் சின்னக் குழாயைத்தான் முதலில் சுருக்குகிறது. பிரஷர் மாத்திரைகளில் சில வகைகளாலும், மன நோய்க்கான சில மாத்திரைகளாலும் இது வருவதுண்டு. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் சொன்னால் வேறு மாத்திரைக்கு மாற்றித் தருவார். நிறுத்தினால் பக்கவாதம் வரும், பிறகு இந்தப் பேச்சே தேவைப்படாது.

எல்லாம் குழாய் அடைப்பும் இல்லை. மனமும் உண்டு. சவூதியிலோ துபாயிலோ இரண்டு வருடம் கழித்து, நாற்பது நாள் லீவில் வருகிற சகோதரரை எடுத்துக்கொள்ளுங்கள். வந்த அன்றைக்கே வீடு நிறைய உறவு, கடன்காரர், கல்யாணப் பேச்சு, பாதி கட்டி நிற்கும் மாடி. ராத்திரி அறைக்குள் போகும்போது பாதி உயிர் போயிருக்கிறது. ஒரு நாள் முடியாமல் போகும். மறுநாள், முடியுமா என்ற பயமே முடியாமல் ஆக்கிவிடும். நாற்பது நாளும் அப்படியே போய்விமானம் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். இதில் மருத்துவர்கள் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. சுப்ஹு நேரத்தில் தூங்கி விழிக்கும்போது இயல்பாக இருக்கிறதா என்று கேட்பார்கள். இருக்கிறது என்றால் குழாயும் நரம்பும் பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன, மனச்சுமைதான் தடுக்கிறது என்று கொள்வார்கள். திடீரென்று ஒரு நாளில் ஆரம்பித்ததா, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததா என்பதும் ஒரு அடையாளம். பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும்.

இப்போது வீட்டுக்குள் நடப்பதைச் சொல்கிறேன். ஜமாஅத்தில் சமரசம் பேச உட்கார்ந்த அனுபவத்தில் சொல்கிறேன், ஆட்களை யாரும் தேட வேண்டாம், அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன். திருமணமாகிப் பதினெட்டு வருடம் ஆன ஒரு சகோதரி குலா கேட்டு வந்தார். கணவர் மேல் அவர் சொன்ன குற்றம், எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுகிறார், ஒரு வருடமாக மொட்டை மாடியில்தான் படுக்கிறார், வேறு யாரோ இருக்கிறார்கள். கணவரோ, அவள் சமையல் சரியில்லை, பிள்ளைகளைக் கெடுக்கிறாள் என்று ஆரம்பித்து அவளுடைய தாய் வீட்டில் போய் முடித்தார். மூன்று அமர்வு இப்படியே போனது. நான்காவது முறை கணவரை மட்டும் தனியாக அழைத்துக்கொண்டு நடந்தோம். அவர் அழுதுவிட்டார். வேறு யாரும் இல்லை. முடியவில்லை என்பதைச் சொல்ல முடியாமல்தான் மாடிக்குப் போயிருக்கிறார். வெட்கத்தை மறைக்கக் கோபத்தைப் போர்த்திக்கொண்டிருக்கிறார். அந்தச் சகோதரியிடம் ஒரு மூத்த பெண்மணி மூலம் சொல்லி அனுப்பினோம். அவர் கேட்டது இவ்வளவுதான்: "இதை எங்கிட்ட சொல்றதுக்கு என்ன? நான் என்னமோ ஏதோன்னு நினைச்சு ஒரு வருஷமா தூங்கலையே."

வாழ்க்கைத் தரம் என்று மருத்துவர்கள் எழுதுகிறார்களே, அது இதுதான். கட்டில் சமாச்சாரம் அதில் ஒரு சின்னப் பகுதி. தொட்டால் எங்கே அதுவரை போக வேண்டி வருமோ என்று பயந்து, தோளில் கை போடுவதைக்கூட நிறுத்திவிடுகிறோம். ஒன்றாக உட்கார்ந்து டீ குடிப்பது நிற்கிறது. அவள் தனக்கு அழகு போய்விட்டது என்று நினைக்கிறாள். இவர் கடையிலேயே பத்து மணி வரை உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைகளுக்கு அத்தா ஏன் இப்படி ஆனார் என்று புரியாது. மனச்சோர்வால் இந்தக் குறைபாடு வரும், இந்தக் குறைபாட்டால் மனச்சோர்வும் வரும். செக்கு மாடு போலச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

மார்க்கத்தில் இதைப் பேசலாமா என்று ஒரு பெரியவர் வாசலிலேயே என்னைக் கேட்டார். நல்ல கேள்வி. புகாரியில் வரும் ஒரு நிகழ்ச்சி உங்களில் ஓதியவர்களுக்குத் தெரியும். ரிஃபாஆ (ரலி) அவர்களின் முன்னாள் மனைவி, மறுமணம் செய்துகொண்ட கணவரிடம் உள்ள இதே குறையை நபி (ஸல்) அவர்களிடமே நேரில் வந்து, தம் ஆடையின் ஓரத்தைக் காட்டி உவமையாகச் சொன்னார். வாசலில் நின்ற காலித் இப்னு ஸயீத் (ரலி) அவர்களுக்குக் கூச்சம் தாங்கவில்லை. உள்ளே இருந்த அபூபக்ர் (ரலி) அவர்களிடம், இப்படிப் பேசுகிற பெண்ணைத் தடுக்கக்கூடாதா என்று கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் புன்னகைத்ததற்கு மேல் எதுவும் செய்யவில்லை. அந்தப் பெண்ணைக் கடிந்துகொள்ளவில்லை. நாம் காலித் (ரலி) அவர்களைப் போல வாசலில் நின்றுகொண்டுதான் இன்னும் கூச்சப்படுகிறோம்.

ஃபிக்ஹ் நூல்களில் 'இன்னீன்' என்று இதற்குத் தனிப் பகுதியே இருக்கிறது. மதரஸாவில் ஓதும்போது உஸ்தாத் அந்தப் பக்கத்தை வேகமாகக் கடந்துவிடுவார், நாங்களும் தலையைக் குனிந்துகொள்வோம். ஐம்பது வயதில் திரும்பப் படித்தபோதுதான் அதன் அருமை புரிந்தது. திருமணம் செய்த கணவருக்கு இயலாமை இருக்கிறது என்று மனைவி முறையிட்டால், காழி உடனே பிரித்துவிடக்கூடாது. ஒரு முழு வருடம் தவணை தர வேண்டும். உமர் (ரலி) அவர்கள் அப்படித் தீர்ப்பளித்ததாக அறிவிப்பு உண்டு. ஏன் ஒரு வருடம்? நான்கு பருவமும் கடக்கட்டும், வெயிலால் வந்ததோ குளிரால் வந்ததோ, நோயாக இருந்தால் மாறிவிடும் என்று காரணம் சொல்கிறார்கள். அந்தக் கால மருத்துவ அறிவு அது. ஆனால் அடிப்படையைப் பாருங்கள். இதைப் பாவமாகவோ கேவலமாகவோ அவர்கள் வைக்கவில்லை, குணமாகக்கூடிய நோயாக வைத்து அவகாசம் கொடுத்தார்கள். நம் நாட்டில் 1939-ம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்திலும் இதே ஒரு வருடம் இருக்கிறது. திருமணத்தின்போதே இருந்து தொடர்கிற இயலாமைக்குத்தான் அந்தச் சட்டப் பிரிவு. கணவர் கேட்டால், சரியாகிவிட்டது என்று காட்ட நீதிமன்றம் ஒரு வருடம் தர வேண்டும். நாற்பத்தைந்து வயதில் வருவது அந்தச் சட்டத்தில் வராது. அதற்கு நாம்தான் ஒருவருக்கொருவர் தவணை கொடுத்துக்கொள்ள வேண்டும்.

லாட்ஜ் வைத்தியர்கள் பற்றி. பஸ் ஸ்டாண்டு சுவரில், மூத்திரச் சந்து சுவரில் ஒட்டியிருப்பார்கள். தாம்பத்திய சக்தியைக் கூட்டுவதாக மருந்து விளம்பரம் செய்வதே 1954-ம் ஆண்டின் மருந்து மற்றும் மாய நிவாரணச் சட்டப்படி குற்றம். எழுபது வருடச் சட்டம். சுவரொட்டி இன்னும் ஈரம் காயாமல் இருக்கிறது. சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை, அரசு மருத்துவமனையில் படித்த சித்த மருத்துவர் இருக்கிறார், அவரிடம் போங்கள். பெயர் தெரியாத லேகியத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இப்படி விற்கும் 'மூலிகை' மருந்துகள் பலவற்றில் ஆங்கில மாத்திரையைப் பொடித்துக் கலந்திருப்பதை வெளிநாட்டுச் சோதனைக்கூடங்கள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கின்றன. தின்றதும் வேலை செய்வது அதனால்தான்.

அந்த ஆங்கில மாத்திரை சில்டெனாஃபில். வயாகரா என்ற பெயரில் எல்லோருக்கும் தெரியும், வாட்ஸ்அப்பில் ஜோக் அடிக்க மட்டும். இங்கிலாந்தில் நெஞ்சு வலிக்கு மருந்தாக ஆராய்ந்தபோது தற்செயலாகத் தெரியவந்தது, 1998 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நல்ல மருந்துதான், பத்தில் ஆறேழு பேருக்குப் பலன் தருகிறது, சுகர் உள்ளவர்களுக்குச் சற்றுக் குறைவு. ஆசையைக் கொடுக்கிற மருந்து அல்ல அது, குழாயைத் தளர்த்தி ரத்தம் வர வழி செய்கிறது. பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போட்டால் தாமதமாகத்தான் வேலை செய்யும், இதைச் சொல்லாமல் பலர் ஏமாந்திருக்கிறார்கள். ஆனால் ஒன்றை மட்டும் மனதில் ஆணி அடித்துக்கொள்ளுங்கள். நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் பிரஷர் பாதாளத்துக்குப் போய் உயிரே போகும். இந்த மாத்திரை போட்டிருக்கும்போது நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனால், வெட்கப்படாமல் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் அவர் நைட்ரேட் கொடுத்துவிடுவார். மச்சான் கொடுத்தான், மருந்துக் கடைத் தம்பி கொடுத்தான் என்று வாங்கிப் போடாதீர்கள்.

மாத்திரைக்கு முன்னால் செய்ய வேண்டியது நடை. இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்தில், குண்டாக இருந்து இந்தக் குறைபாடு வந்த 110 ஆண்களை இரண்டாகப் பிரித்து இரண்டு வருடம் பார்த்தார்கள். உணவும் உடற்பயிற்சியும் சரியாகக் கற்றுக் கொடுக்கப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட மாத்திரை இல்லாமலே சரியானது. 2004-ல் வந்த செய்தி. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருந்துகொண்டு பால்கோவாவை விடச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை. வாரத்துக்கு ஒரு நாள், ஒரு கரண்டி என்று வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு ஐம்பத்தொன்றில் சுகர் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள், இவ்வளவு நேரம் பேசியதிலிருந்து புரிந்திருக்கும். வீட்டில் சொல்வதற்கு எனக்கு நான்கு மாதம் ஆனது. மெட்டி ஒலி நேரத்தில் டி.வி.யை அணைத்துவிட்டுச் சொன்னேன். "சுகர்னு சொல்ல இவ்வளவு நாளா?" என்று கேட்டுவிட்டு அடுத்த நாள் காலையில் அவளே செருப்பை எடுத்து வைத்து நடக்கக் கிளப்பிவிட்டாள்.

சுமார் இருபத்தைந்து வருடத்துக்கு முன் விஜய் டி.வி.யில் டாக்டர் மாத்ருபூதம் 'புதிரா புனிதமா' என்று ஒரு நிகழ்ச்சி நடத்தினார். நம் வீடுகளில் அது வந்தாலே சேனலை மாற்றினோம். மாற்றிவிட்டு மறுநாள் கடையில் அதைப் பற்றியே பேசினோம். இந்த வேஷம் இனி வேண்டாம்.

எங்கே போவது என்றால், முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர் அல்லது ராஜபாளையம் அரசு மருத்துவமனையில் சுகர், பிரஷர், கொழுப்பு பாருங்கள். பொது மருத்துவரிடமே சொல்லலாம். சுகர் மாத்திரை வீடு தேடித் தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-லிருந்து நடக்கிறது, வீட்டுக்கு வருபவரிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். அங்கே தீராவிட்டால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் சிறுநீரகவியல் பிரிவு இருக்கிறது. வரிசையில் நிற்க வேண்டும், உண்மைதான். போகும்போது நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள். "டாக்டர், கொஞ்சம் களைப்பா இருக்கு" என்று சுற்றி வளைக்காதீர்கள். அவருக்கு ஒரு நோயாளிக்கு மூன்று நிமிடம்தான் கிடைக்கிறது. சொல்ல வாய் வரவில்லை என்றால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். வாசலில் மேஜை மேல் தாளும் பேனாவும் வைத்திருக்கிறேன், இப்போதே எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். பெயர் எழுத வேண்டாம்.

இந்தப் பேச்சை நம் மடலில் போடலாமா என்று நிர்வாகக் குழுவில் இரண்டு கருத்து இருந்தது. போடுகிறோம். வீட்டில் பெண்கள் படிக்கட்டும், மாடியில் படுக்கிற மனிதருக்கு என்ன என்று ஒருவராவது கேட்கட்டும். விளக்கை அணைத்துவிட்டு நான் நடந்துதான் வீட்டுக்குப் போவேன். கூட வருகிறவர்கள் வரலாம்.

வஸ்ஸலாம்.